40 ஊசிகளுக்கு ஏன் 80 கம்பிகள்? பழைய கணினிகளின் ரிப்பன் கேபிள் பற்றி

பழைய மேசைக் கணினி ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றியவுடன் கண்ணில் படுவது, மதர்போர்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கும் சிடி டிரைவுக்கும் மடிந்து செல்லும் சாம்பல் நிறப் பட்டைதான். இரண்டு அங்குல அகலம், ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு, மூன்று இடங்களில் பிளாஸ்டிக் கனெக்டர். இத்தகைய ரிப்பன் கேபிள்களில் 1995ஆம் ஆண்டுக் கணினியிலிருந்து ஒன்றையும் 2002ஆம் ஆண்டுக் கணினியிலிருந்து ஒன்றையும் எடுத்து அருகருகே வைத்தால், அகலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இரண்டும் அதே 40 ஊசி இணைப்பில்தான் பொருந்தும். ஆனால் பட்டையின் மேல் விரலை ஓட்டினால் வேறுபாடு தெரிந்துவிடும். பழையதன் வரிகள் தடித்தவை. எண்ணினால் 40 கம்பிகள். புதியதன் வரிகள் மெல்லியவை. எண்ணினால் 80 கம்பிகள். ஊசிகளின் எண்ணிக்கை கூடவில்லை, கம்பிகள் மட்டும் இரட்டித்திருக்கின்றன. கூடுதலாக வந்த அந்த 40 கம்பிகளில் ஒன்றுகூடத் தகவலைச் சுமப்பதில்லை. அவை எதற்காக வந்தன என்பதைப் புரிந்துகொண்டால், இந்தப் பட்டையின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் பட்டையின் அமைப்பைப் பார்ப்போம். தனித்தனியாக உறையிட்ட கம்பிகளை ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கி, உறைகளை ஒட்டவைத்து ஒரே தகடுபோல ஆக்கியதே ரிப்பன் கேபிள். 40 கம்பிப் பட்டையில் ஒரு கம்பியின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே 1.27 மில்லிமீட்டர் தூரம். இந்த இடைவெளி மாறாமல் இருப்பதால், கனெக்டரைப் பொருத்துவதற்கு எந்தக் கம்பியின் உறையையும் உரிக்க வேண்டியதில்லை, பற்றவைக்கவும் வேண்டியதில்லை. கனெக்டரின் உள்ளே கவட்டை வடிவில் கூர்மையான உலோக நாக்குகள் வரிசையாக நிற்கின்றன. பட்டையை அவற்றின் மேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால், எல்லா நாக்குகளும் ஒரே நேரத்தில் உறையைக் கிழித்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகளைக் கவ்விக்கொள்கின்றன. நாற்பது இணைப்புகள் ஒரே நொடியில் முடிந்துவிடும். கணினிகள் லட்சக்கணக்கில் உற்பத்தியான காலத்தில் இந்தப் பட்டை அத்தனை பெட்டிகளுக்குள்ளும் நுழைந்ததற்கு, மின்னியல் காரணங்களை விட இந்த மலிவுதான் முதற்காரணம் என்பது என் கருத்து.

1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியின் பிளாப்பி டிரைவ்கள் 34 கம்பிப் பட்டையால் இணைக்கப்பட்டிருந்தன. ஷுகார்ட் நிறுவனம் 1970களில் தன் பிளாப்பி டிரைவ்களுக்கு வகுத்த இணைப்பு முறையிலிருந்து வந்தது அது. அதில் ஒற்றைப்படை எண் கொண்ட கம்பிகள் எல்லாம் கிரவுண்ட், அதாவது மின்னழுத்தம் பூஜ்யமாகவே இருக்கும் பொதுக் கம்பிகள். இரட்டைப்படை எண் கொண்டவையே சமிக்ஞை. அதாவது, ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பி ஓடும். பிளாப்பியில் தகவல் ஒற்றை வழியில், 1.44 மெகாபைட் வட்டுக்குக்கூட நொடிக்கு 500 கிலோபிட் என்ற வேகத்தில்தான் சென்றது. அந்த வேகத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு தேவையா என்று தோன்றலாம். ஆயினும் அதை வடிவமைத்தவர்கள் கிரவுண்ட் கம்பிகளில் சிக்கனம் பார்க்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

அந்தப் பட்டையில் இன்னொரு விந்தையும் உண்டு. கடைசிக் கனெக்டருக்குச் சற்று முன்பாக, 10 முதல் 16 வரையிலான ஏழு கம்பிகள் மட்டும் பட்டையிலிருந்து பிரிந்து, ஒருமுறை புரண்டு, மீண்டும் சேரும். பார்ப்பவருக்கு ஏதோ உற்பத்திப் பிழைபோலத் தெரியும் இந்த முறுக்கு திட்டமிட்டே வைக்கப்பட்டது. எந்த டிரைவைத் தேர்ந்தெடுப்பது, எதன் மோட்டாரைச் சுழற்றுவது என்ற கட்டளைகள் 10, 12, 14, 16 ஆகிய கம்பிகளில் செல்கின்றன. முறுக்கினால் 10ஆம் கம்பி 16ஆம் இடத்துக்கும் 12ஆம் கம்பி 14ஆம் இடத்துக்கும் மாறிக்கொள்ளும். ஆகவே ஐபிஎம் எல்லா டிரைவ்களையும் ஒரே மாதிரி, இரண்டாவது டிரைவாகவே அமைத்துவிட்டது. முறுக்குக்கு முன்னால் இணைத்தது இரண்டாவதாகவே, அதாவது ‘பி’ டிரைவாக இயங்கும். முறுக்குக்குப் பின்னால் இணைத்தது ‘ஏ’ டிரைவாகிவிடும். கணினியை ஒன்றுசேர்ப்பவர் ஜம்பரை, அதாவது டிரைவின் அமைப்பை மாற்றும் சிறு செருகியை, தேடி மாற்ற வேண்டிய வேலையைக் கேபிளே செய்தது. முறுக்கிலும் கிரவுண்ட் கம்பிகள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்வதால் எந்தக் கெடுதலும் நேர்வதில்லை.

இந்தப் பட்டையைத் தலைகீழாகச் செருகினால் பிளாப்பி டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் என்பது, கணினி பழுதுபார்த்த அனைவருக்கும் தெரிந்த அடையாளம். அதன் காரணம் மேலே சொன்ன அமைப்பிலேயே இருக்கிறது. 34 ஊசி கனெக்டரைத் திருப்பிச் செருகினால் ஒவ்வொரு இரட்டைப்படை ஊசியும் ஓர் ஒற்றைப்படை ஊசியைச் சந்திக்கும். எனவே டிரைவின் எல்லாச் சமிக்ஞை ஊசிகளும் கிரவுண்டுடன் இணைந்துவிடும். இந்த இணைப்பில் மின்னழுத்தம் தாழ்ந்திருப்பதுதான் ‘செயல்படு’ என்ற கட்டளைக்குப் பொருள். ஆகவே டிரைவ் தனக்கு எல்லாக் கட்டளைகளும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, விளக்கை ஏற்றி, மோட்டாரைச் சுழற்றத் தொடங்கிவிடுகிறது. எழுதும் கட்டளையும் அந்தக் கூட்டத்தில் அடக்கம் என்பதால், அந்நிலையில் வட்டை உள்ளே வைப்பது ஆபத்து.

ஹார்ட் டிஸ்க்குகளின் தொடக்கம் வேறு மாதிரியானது. 1980இல் சீகேட் வெளியிட்ட, 5 மெகாபைட் கொள்ளளவு கொண்ட எஸ்டி-506 டிரைவுக்கு இரண்டு பட்டைகள் தேவைப்பட்டன: கட்டுப்பாட்டுக்கு 34 கம்பிகள், தகவலுக்கு 20 கம்பிகள். டிரைவை இயக்கும் மின்சுற்று கணினியில் செருகப்பட்ட தனி அட்டையில் இருந்தது. வட்டின் காந்தப்பரப்பிலிருந்து எழும் துடிப்புகளே ஏறத்தாழ அப்படியே கேபிள் வழியாக அந்த அட்டைக்குப் போயின. நுட்பமான அந்தத் துடிப்புகள் இரட்டைக் கம்பிகளில், ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும் முறையில் அனுப்பப்பட்டன. இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இருபது ஆண்டுகளுக்குப் பின் இது மீண்டும் வரும்.

1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பாக், கண்ட்ரோல் டேட்டா ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. தனி அட்டையில் இருந்த கட்டுப்பாட்டுச் சுற்றை டிரைவின் அடிப்பலகைக்கே கொண்டுபோனார்கள். ஐடிஇ என்ற பெயர் இந்த ஒருங்கிணைப்பைத்தான் குறிக்கிறது. அதன்பின் கேபிளில் செல்வது காந்தத் துடிப்புகள் அல்ல, சீராக்கப்பட்ட 16 பிட் தகவல். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் விரிவாக்கத் தடத்தை, அதாவது செருகு அட்டைகள் பேசிக்கொள்ளும் அதே 16 பிட் வழித்தடத்தை, ஒரு பட்டையின் மூலம் டிரைவ் வரை நீட்டியதாகவே இதைக் கொள்ளலாம். பின்னாளில் இந்த இணைப்புக்கு ஏடிஏ என்ற பெயர் வந்ததும் அந்தக் கணினியின் பெயரை ஒட்டித்தான். அமெரிக்கத் தர நிறுவனம் இதை 1994இல் தரமாக ஏற்றது. இணைப்பு மலிவானது, எளிதானது. எந்த நிறுவனத்தின் டிரைவையும் எந்தக் கணினியிலும் மாட்டலாம் என்ற நிலையும் வந்தது.

ஆனால் அந்த 40 ஊசிகளை ஒதுக்கிய விதத்தில் ஒரு குறை இருந்தது. 3 முதல் 18 வரையிலான 16 ஊசிகளும் தகவல் ஊசிகள். அவற்றுக்கு இடையே ஒரு கிரவுண்ட் கூட இல்லை. 2, 19, 22, 24, 26, 30, 40 ஆகிய ஏழு மட்டுமே கிரவுண்ட். 20ஆம் ஊசி வேண்டுமென்றே நீக்கப்பட்டு, கேபிளின் அந்தத் துளை அடைக்கப்பட்டது. தவறாகச் செருகுவதைத் தடுக்கும் சாவியாக அது பயன்பட்டது. பிளாப்பியின் 34 கம்பிகளில் பாதி கிரவுண்டாக இருந்ததோடு இதை ஒப்பிட்டால், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்பது புலப்படும். அன்று இதில் தவறு இல்லை. தொடக்க கால வேகத்தில் ஒரு 16 பிட் பரிமாற்றத்துக்கு 600 நானோ நொடி எடுத்துக்கொண்டார்கள், நொடிக்கு 3.3 மெகாபைட். 457 மில்லிமீட்டர், அதாவது 18 அங்குலக் கேபிளை ஒரு சமிக்ஞை கடக்க ஆகும் நேரம் இரண்டு அல்லது மூன்று நானோ நொடிதான். ஆகவே கம்பியில் என்ன கலக்கம் எழுந்தாலும், மறுமுனையில் இருப்பவர் தகவலைப் படிக்கும் தருணத்துக்குள் அது அடங்கிவிடும்.

கலக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அருகருகே இணையாக ஓடும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தம் திடீரென மாறினால், மற்றொன்றிலும் ஒரு சிறு துடிப்பு எழுகிறது. இரண்டு கம்பிகளும் அவற்றுக்கு இடையிலான உறையும் சேர்ந்து ஒரு மின்தேக்கிபோல நடந்துகொள்வது ஒரு காரணம். ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியைத் தொடுவது மற்றொரு காரணம். ஒரு கம்பிக்கு இருபுறமும் இருக்கும் தகவல் கம்பிகள் ஒரே நேரத்தில் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குத் தாவினால், நடுவில் பூஜ்யமாகவே இருக்க வேண்டிய கம்பியிலும் ஒரு மேடு எழும். அந்த மேடு அடங்குவதற்கு முன் படித்துவிட்டால் பூஜ்யம் ஒன்றாகிவிடும். மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு உயரமாக மேடு எழும். இதற்கு இடையே ஒரு கிரவுண்ட் கம்பியை வைத்தால் இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன: அது இரு சமிக்ஞைகளுக்கும் நடுவே மறைப்பாக நிற்கிறது, சமிக்ஞையாகப் போன மின்னோட்டம் திரும்பி வர மிக அருகிலேயே பாதையும் கிடைக்கிறது. இரண்டாவது நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. போகும் மின்னோட்டம் எப்படியும் திரும்பி வந்தாக வேண்டும். 3ஆம் கம்பியில் போனது 2ஆம் கம்பியில் திரும்பலாம். 11ஆம் கம்பியில் போனதற்கோ ஏழு கம்பிகளைத் தாண்டித்தான் ஒரு கிரவுண்ட் கிடைக்கும். போவதும் வருவதும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு பெரிய காந்த வளையம் உருவாகி, இடையில் உள்ள எல்லாக் கம்பிகளையும் தொந்தரவு செய்யும்.

இதோடு எதிரொலிப்பும் சேர்ந்துகொள்கிறது. கம்பியின் முனையை அடைந்த சமிக்ஞை, அங்கே அதை உறிஞ்சிக்கொள்ளும் முறையான முடிப்பு இல்லையென்றால் திரும்பிப் பாயும். ஏடிஏ இணைப்பில், டிரைவ்களை இணைக்கும் மற்றொரு முறையான ஸ்கஸியைப்போல முனையில் மின்தடை முடிப்புகள் வைக்கவில்லை. ஒரே ஒரு டிரைவ் இருக்கும்போது அதை நடுக் கனெக்டரில் மாட்டி, முனையை வெறுமனே தொங்கவிடக் கூடாது என்ற விதி இதனால் வந்ததுதான். தொங்கும் அந்தத் துண்டு சமிக்ஞையைத் திருப்பி அனுப்பிக் குழப்பும். கடைகளில் 24 அங்குலத்திலும் 36 அங்குலத்திலும் கேபிள்கள் விற்கப்பட்டன. உயரமான பெட்டிகளுக்கு அவை வசதியாக இருந்தன என்பது உண்மை, ஆனால் தரம் அனுமதித்தது 18 அங்குலம் மட்டுமே.

1990களின் நடுவில் ஒரு பரிமாற்றத்துக்கான நேரம் 120 நானோ நொடியாகக் குறைந்து, வேகம் 16.6 மெகாபைட்டைத் தொட்டது. அடுத்து குவாண்டம் நிறுவனமும் இன்டெலும் சேர்ந்து உருவாக்கிய அல்ட்ரா டிஎம்ஏ முறை, கடிகாரச் சமிக்ஞை ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் தகவலை அனுப்பியது. அதே பழைய 40 கம்பிகளில் நொடிக்கு 33 மெகாபைட் கிடைத்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் அப்போதுதான் வந்தது. அதுவரை கேபிளில் ஒரு பிட் பிறழ்ந்தால் அதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. பிறழ்ந்த தகவலே வட்டில் எழுதப்பட்டுவிடும். அல்ட்ரா டிஎம்ஏ ஒவ்வொரு தகவல் தொகுதியின் முடிவிலும் சிஆர்சி எனும் சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்பியது. இரு முனைகளிலும் கணக்கிட்ட எண்கள் ஒத்துப்போகவில்லையென்றால் மீண்டும் அனுப்பச் சொல்லலாம். வேகத்தைப் பற்றித்தான் அன்றைய விளம்பரங்கள் பேசின. எனக்கோ இந்தச் சரிபார்ப்பே பெரிய முன்னேற்றமாகத் தோன்றுகிறது.

வேகத்தை 66 மெகாபைட்டாக்க முயன்றபோது 40 கம்பிகள் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு பரிமாற்றத்துக்கு 30 நானோ நொடி மட்டுமே இருக்கும்போது, பக்கத்துக் கம்பியின் மேடு அடங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. ஊசிகளைக் கூட்டினால் அதுவரை விற்ற எல்லா டிரைவ்களும் மதர்போர்டுகளும் பொருந்தாமல் போகும். தீர்வு எளிமையாக இருந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பியை நுழைத்தார்கள், இடைவெளியை 0.635 மில்லிமீட்டராகப் பாதியாக்கி, அகலம் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். புதிய 40 கம்பிகளும் கனெக்டருக்குள்ளேயே ஒன்றாக இணைக்கப்பட்டு, பழைய ஏழு கிரவுண்ட் ஊசிகளோடு சேர்க்கப்பட்டன. ஆக, 80 கம்பிகளில் 47 கிரவுண்ட். பிளாப்பிப் பட்டையில் தொடக்கத்திலிருந்தே இருந்த ஒழுங்குக்கு ஹார்ட் டிஸ்க் பட்டை பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. இதே பட்டை பின்னர் 100 மெகாபைட்டையும், 2001இல் மேக்ஸ்டர் முன்வைத்த 133 மெகாபைட்டையும் தாங்கியது.

ஆனால் மாட்டப்பட்டிருப்பது 40 கம்பியா, 80 கம்பியா என்று மதர்போர்டுக்கு எப்படித் தெரியும்? இதற்குச் செய்த ஏற்பாடு மிக அழகானது. 80 கம்பிக் கேபிளின் நீலக் கனெக்டரில் மட்டும் 34ஆம் தொடர்பு கம்பியோடு இணைக்கப்படாமல் கிரவுண்டோடு இணைக்கப்பட்டிருக்கும். மதர்போர்டு அந்த ஊசியைப் பார்க்கிறது: மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் 80 கம்பி, இல்லையென்றால் 40 கம்பி என்று கருதி வேகத்தை 33 மெகாபைட்டோடு நிறுத்திக்கொள்கிறது. 80 கம்பிக் கேபிள் இல்லை என்று சில பயாஸ்கள் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்கள்) திரையில் அறிவித்தது இந்த ஊசியைப் பார்த்துத்தான். எனவே நிறங்கள் அலங்காரம் அல்ல. நீலம் மதர்போர்டுக்கு, முனையிலுள்ள கறுப்பு முதல் டிரைவுக்கு, நடுவிலுள்ள சாம்பல் இரண்டாவது டிரைவுக்கு. கறுப்பு முனையை மதர்போர்டில் மாட்டினாலும் கணினி இயங்கும். ஆனால் 34ஆம் ஊசி தாழாததால், நல்ல கேபிள் இருந்தும் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். புதுக் கேபிள் வாங்கியும் வேகம் வரவில்லை என்ற புகாரோடு வந்த கணினிகளில் இந்த ஒரு தவறைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

28ஆம் ஊசியிலும் இதைப்போன்ற உத்தி உண்டு. இரண்டு டிரைவ்களில் எது முதலாவது என்பதை ஜம்பர் வைத்துச் சொல்லலாம். அல்லது கேபிளே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடலாம். மதர்போர்டு 28ஆம் ஊசியை கிரவுண்டில் வைத்திருக்கும். அந்த கிரவுண்டைக் காணும் டிரைவ் தன்னை முதலாவதாகவும், காணாதது தன்னை இரண்டாவதாகவும் எடுத்துக்கொள்ளும். பழைய 40 கம்பிக் கேபிள்களில் நடுவுக்கும் முனைக்கும் இடையே அந்தக் கம்பியை வெட்டிவிட்டதால், நடுவில் இருந்தது முதலாவதாக அமைந்தது. ஒரே டிரைவ் என்றால் முனை வீணே தொங்கும் நிலை ஏற்பட்டது. 80 கம்பிக் கேபிளில் நடுக் கனெக்டரில் மட்டும் 28ஆம் தொடர்பை எடுத்துவிட்டு, முனையிலிருப்பதையே முதலாவதாக்கி இதைச் சரிசெய்தார்கள்.

கேபிள் கெட்டால் கணினி உடனே நின்றுவிடுவதில்லை; அதுதான் தொல்லை. சிஆர்சி பிழைகள் எழுந்து, தகவல் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, எல்லாம் மந்தமாகும். விண்டோஸ் எக்ஸ்பி இத்தகைய பிழைகள் ஆறு சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி குறைக்கும். அப்படியே குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் செயலியே ஒவ்வொரு சொல்லையும் எடுத்துத் தரும் பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். டிரைவ் பழுதாகிவிட்டது என்று கருதி மாற்றப்பட்ட பல ஹார்ட் டிஸ்க்குகளில் உண்மையான கோளாறு பட்டையில்தான் இருந்திருக்கும். டிரைவ் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199ஆம் எண் இந்த சிஆர்சி பிழைகளின் கணக்கு. அது ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பதே முறை. பெட்டிக்குள் காற்று நன்றாக ஓடும் என்று சொல்லி 2000களின் தொடக்கத்தில் விற்ற உருண்டைக் கேபிள்கள் இந்த வகையில் ஐயத்துக்குரியவை. பட்டையைக் கீறிச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்தால், ஒவ்வொரு சமிக்ஞைக்கும் அருகில் கிரவுண்ட் இருக்கும் என்ற ஒழுங்கு குலைந்து, பட்டையில் தள்ளியிருந்த சமிக்ஞைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும்.

133 மெகாபைட் வேகத்தில் ஒரு பரிமாற்றத்துக்கு 15 நானோ நொடிதான். 16 கம்பிகளிலும் புறப்பட்ட பிட்கள் அதற்குள் ஒன்றாகவே போய்ச் சேர வேண்டும். ஒன்று சற்றுப் பிந்தினாலும் முழுச் சொல்லும் பிழையாகிவிடும். 2003இல் கணினிகளுக்கு வந்த சாட்டா என்ற புதிய டிரைவ் இணைப்பு இந்தப் போட்டியையே கைவிட்டது. பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் இரட்டைக் கம்பியில் அனுப்பியது; எஸ்டி-506 டிரைவின் தகவல் பட்டையில் இருந்த அதே முறை. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, அவற்றைச் சூழ மூன்று கிரவுண்ட், மொத்தம் ஏழே தொடர்புகள். தொடக்கத்திலேயே நொடிக்கு 150 மெகாபைட் வேகமும், ஒரு மீட்டர் வரை நீளமும் கிடைத்தன.

பழைய டிரைவிலிருந்து படங்களையோ ஆவணங்களையோ மீட்க இன்று இந்தப் பட்டையைக் கையாள நேர்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கம். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் அது மின்சாரச் செருகியை ஒட்டிய பக்கமாக இருக்கும். தலைகீழாகச் செருகினால் 40ஆம் ஊசியின் கிரவுண்ட் டிரைவின் முதல் ஊசியான ரீசெட்டில் போய் நிற்கும். டிரைவ் விழிக்கவே விழிக்காது, கணினிக்கும் அது தென்படாது. கழற்றும்போது பட்டையைப் பிடித்து இழுத்தால் கவட்டை நாக்குகளிலிருந்து கம்பி நழுவிவிடும்; கனெக்டரின் இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல அசைத்து எடுப்பதே சரி. 80 கம்பிக் கேபிள் பழைய டிரைவுக்கும் பொருந்தும், அதையே விரும்பித் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மிகப் பழைய சில பலகைகளில் 20ஆம் ஊசி நீக்கப்படாமல் இருக்கும். அடைத்த துளை அதன் மேல் இறங்காதபோது பலம் கொடுத்து அழுத்தாமல், அந்தத் துளை திறந்திருக்கும் 40 கம்பிக் கேபிள் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.